டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு: பென்சில் கையில் நிற்கவில்லை

சிறப்பாசிரியர், குடியாத்தம்:
ஆறு பேர், வயது 14 முதல் 22. வாரம் இரண்டு வகுப்பு. ஐந்து நிமிஷத்தில் பென்சில் நழுவுகிறது, கோடும் பதியவில்லை. கையைப் பிடித்து வரைய வைத்தால் படம் வருகிறது, ஆனால் அது நம்ம படம். ஆண்டு விழாவுக்குத் தெருக்கூத்து வேறு போடணுமாம். வழி சொல்லுங்கள்.

தெரபிஸ்ட், காட்பாடி:
மேடம், முதலில் நாற்காலியைப் பாருங்கள். இவங்களுக்குத் தசை தொய்வு, மூட்டு தளர்வு. கால் தொங்கினால் நிமிர்ந்து உட்காரவே பலம் போய்விடும், கைக்கு மிஞ்சாது. பாதம் பதியணும், மேஜை முழங்கை உயரம் இருக்கணும். பென்சிலுக்குப் பதில் 12ஆம் நம்பர் பட்டை பிரஷ். காம்பில் பழைய சைக்கிள் டியூபை மூன்று சுற்று கட்டினால் வழுக்காது. போஸ்டர் கலர் தோசை மாவு பதத்தில் இருந்தால் லேசாகத் தொட்டாலே பதியும். தண்ணீருக்குக் கனமான சொம்பு வையுங்கள், பிளாஸ்டிக் டம்ளர் கவிழும். சித்திரையில் நம்ம ஊர் வெயிலுக்குக் கலர் தட்டிலேயே காய்ந்துவிடும், காலையிலேயே முடித்துவிடுங்கள். பார்வைக் குறைவும் பலருக்கு உண்டு. வெள்ளைத் தாளில் மஞ்சளைக் கொடுத்துவிட்டு 'ஆர்வமில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

கூத்தில் கனமான கட்டைக் கிரீடம் வேண்டாம், அட்டையில் செய்யுங்கள். சிலருக்குக் கழுத்தில் மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம் கூடவே கூடாது. கழுத்து வலியோ நடையில் தடுமாற்றமோ தெரிந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

தறிக்காரர், குடியாத்தம்:
லுங்கி ஊரில் இருந்துகொண்டு நூலை மறந்துட்டீங்களே! ஒரு பொருள் மேல் நூலைச் சுற்றிச் சுற்றியே உருவம் செய்யலாம். தறியில் கழியும் நூலை நாலைந்து இழையாக முறுக்குங்கள், ஒற்றை இழை விரலில் நிற்காது. நீளம் இரண்டு முழம் போதும். அதற்கு மேல் போனால் சிக்கு விழும், பிள்ளை அங்கேயே விட்டுவிடும். உள்ளே வைக்க மட்டைத் துண்டோ உடைந்த தார்க்குச்சியோ (தறியில் ஊடை நூல் சுற்றும் குச்சி) எடுங்கள். ஓரத்தில் ஒரு கீறல் போட்டு முனையைச் செருகினால் முடிச்சே வேண்டாம், மிச்சம் அவங்க சுற்றிக்கொள்வாங்க. வேர்வையில் சாயம் ஒட்டும், முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், காதும் கேட்காது. 1987-ல் ஓக்லாந்தின் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்தில் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு வருஷம் எதிலும் ஒட்டவில்லை. நூல் கிடைத்த பிறகு 2005-ல் சாகும்வரை பொருள்களைச் சுற்றிச் சுற்றிச் சிற்பமாக்கினார். சில வகுப்பிலேயே முடிவு கட்டாதீங்க.

சிறப்பாசிரியர், குடியாத்தம்:
அவங்க செய்வது முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது சார்? கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான்.

தெரபிஸ்ட், காட்பாடி:
கேட்காதீங்க. நீலத் தட்டு, சிவப்புத் தட்டு இரண்டு வையுங்கள். நீலத்தில் வைத்தால் இன்னும் வேலை இருக்கு, சிவப்பில் வைத்தால் முடிந்தது. நீங்களே நாலு தடவை வைத்துக் காட்டினால் பிடித்துக்கொள்வாங்க. சிவப்புக்குப் போன பிறகு தொங்கும் முனையைக்கூட கத்தரிக்காதீங்க.