ஹோஸ்ட் வீட்டு அம்மா பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார், பயமாக இருக்கிறது

கோவை மாணவி:
யாராவது உடனே பதில் சொல்லுங்கள், ப்ளீஸ். எக்ஸ்சேஞ்சில் சீனா வந்திருக்கிறேன், ஹாஸ்டல் இல்லை, ஒரு சீனக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். இன்று காலை வீட்டு அம்மா என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனார், மணி ஒன்றரை ஆகிறது, இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரி என் கிண்ணத்தில் இறைச்சியை எடுத்து வைத்தார், நான் கிண்ணத்தையே தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன், அதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஊருக்குப் பேசலாம் என்றால் இந்த வைஃபையில் வாட்ஸாப் திறக்கவே இல்லை. திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது.

வுஹான் டாக்டர்:
தங்கச்சி, முதல் மாதம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். நான் வுஹானில் எம்பிபிஎஸ் படித்தவன். முதல் மூன்று மாதம் ரைஸ் குக்கரில் சோறு வைத்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே ஓட்டினேன். உனக்கு இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், குளிருக்குத் தயாராகிக்கொள். பெய்ஜிங் மாதிரி வடக்கு ஊர்களில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை அரசே குழாய் வழியாக வீடுகளுக்குச் சூடு கொடுக்கும், வீட்டுக்குள் சட்டையோடு இருக்கலாம். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. வுஹானில் ஜனவரி மாதம் எழுத உட்கார்ந்தால் விரல் மடங்காது, ஈரக் குளிர், எலும்புக்குள் இறங்கும். மின்சாரப் போர்வை ஒன்று வாங்கிவிடு, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

சென்னை அப்பா:
குளிரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, அந்தப் பெண் பாஸ்போர்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்கவே கூடாது. சீனாவில் போலீஸ் 110, இப்போதே கூப்பிடு, தூதரகத்துக்கும் சொல். என் மகளும் வெளிநாட்டில் படிக்கிறாள், அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் தர ஆறு மாதம் இழுத்தடித்தார். நல்லவர்கள் மாதிரிதான் இருப்பார்கள்.

பினாங்கு அக்கா:
தயவுசெய்து 110 எல்லாம் கூப்பிடாதே. வீட்டில் சேர்த்துக்கொண்ட குடும்பத்தின் மேல் போலீஸை அனுப்பினால், நாளை அவர்கள் தப்பு செய்யவில்லை என்று தெரிந்தாலும் அந்த வீட்டில் நீ இருக்க முடியாது. நான் குன்மிங்கில் ஆறு மாதம் ஒரு ஆயி வீட்டில் இருந்தேன் (அம்மா வயதுப் பெண்களை அங்கே ஆயி என்றுதான் கூப்பிட வேண்டும், நீயும் அப்படியே கூப்பிடு). எனக்கும் அவருக்கும் முதல் சண்டை குளியலில் வந்தது. நான் காலை ஐந்தரைக்கு எழுந்து தலைக்குக் குளிப்பேன், அங்கே பெரும்பாலும் ராத்திரி படுக்கும் முன்னால்தான் குளிக்கிறார்கள். ஈரத் தலையோடு வகுப்புக்குக் கிளம்பினால் வாசலில் மறித்துக்கொண்டு ஹேர் டிரையரை நீட்டுவார். அப்புறம் தேங்காய் எண்ணெய். வெளிர் ரோஸ் நிறத் தலையணை உறையில் தலை அளவுக்கு மஞ்சள் வட்டம். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, தினமும் உறையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது. தலையணை மேல் ஒரு பழைய துண்டைப் போட்டேன், அன்று சாயந்திரமே பேச்சு பழையபடி ஆனது. வாயால் சொல்லாமல் செய்து காட்டுகிறவர்கள், அதைப் பார்க்கக் கற்றுக்கொள்.

சென்னை அப்பா:
உறை வேறு, பாஸ்போர்ட் வேறு. இப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அனுப்பிய ஏஜென்ட் எங்கே? பணம் கட்டும் வரை நாளுக்கு நாலு போன், விமானம் ஏறிய பிறகு எடுப்பதே இல்லை.

ஷாங்காய் ஐடி:
ஏஜென்ட் கதையைப் பேசினால் விடிந்துவிடும். வாட்ஸாப், கூகுள் எல்லாம் இங்கே தடை. இங்கே எல்லாரும் வைத்திருப்பது வீசாட் என்ற சீனச் செயலி, அதை இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்துவிட்டார்கள். நாம் இங்கே அதில் இருப்போம், அப்பா அம்மா அங்கே வாட்ஸாப்பில் இருப்பார்கள், நடுவில் வழியே கிடையாது. என் பாட்டி இறந்த செய்தி எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இந்திய சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதே தங்கச்சி, வைஃபையை அணைத்துவிட்டு அதில் ரோமிங் டேட்டா போட்டால் வாட்ஸாப் வேலை செய்யும்.

வுஹான் டாக்டர்:
எங்கள் காலத்தில் மாதம் ஒரு போன்தான்.

செங்டு ஆய்வாளர்:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தப் பெண்ணிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர்? வந்து எத்தனை நாள் ஆகிறது? பாஸ்போர்ட்டைக் கேட்டபோது ஆயி என்ன சொன்னார்? நீ முட்டை சாப்பிடுவாயா?

கோவை மாணவி:
நானும் செங்டுதான் அண்ணா. சனிக்கிழமை ராத்திரி வந்தேன், இன்று திங்கள். ஆயி போனில் ஏதோ பேசி மொழிபெயர்த்துக் காட்டினார், அதில் போலீஸ் என்று ஒரு வார்த்தை வந்தது. சாப்பாட்டை ஒதுக்கியதற்குப் புகார் கொடுக்கிறார்களோ என்றுதான் பயந்து போனேன், அதனால்தான் முதலில் எழுதவில்லை. முட்டை சாப்பிடுவேன், மீனும் கறியும்தான் கிடையாது.

செங்டு ஆய்வாளர்:
பயப்படாதே அம்மா, இது புகார் இல்லை. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரரே பதிவு செய்துவிடுவார். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் தங்குமிடப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், தவறினால் எச்சரிக்கையோ 2000 யுவான் வரை அபராதமோ வரலாம். உன் ஆயி ஒரு நாள் தாமதமாகிவிட்டதே என்று அவசரமாக ஓடியிருப்பார். சில இடங்களில் வீட்டுக்காரர் போனாலே போதும், சில இடங்களில் நாமும் நேரில் போக வேண்டும். பதிந்ததும் ஒரு தாள் தருவார்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள், அது இல்லாமல் அடுத்த வேலை நடக்காது. விசாவில் எக்ஸ்1 (நீண்ட காலப் படிப்பு விசா) என்று இருந்தால், வந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது குடிவரவு அலுவலகமே பாஸ்போர்ட்டைச் சில நாள் வைத்துக்கொண்டு ரசீது தரும், அதற்கும் அழுதுவிடாதே. எக்ஸ்2 என்றால் 180 நாள் வரைக்கானது, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசாவைப் பார்த்துச் சொல்.

சாப்பாடு விஷயத்தில் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று ஊகிக்க முடிகிறது. இறைச்சி வேண்டாம் என்றிருப்பாய். இங்கே வெறுமனே 'ரோவ்' (இறைச்சி) என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான் மனதில் வரும், அதனால் கோழியோ மீனோ வைத்தால் நீ சாப்பிடுவாய் என்று நினைத்திருக்கலாம். 'வோ ச்சி சூ' என்று சொல், நான் சைவம் என்று அர்த்தம். உச்சரிப்பு பிசகினால் புரியாது, எழுத்தாகவும் காட்டு. முட்டை சேரும், மீன், பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு, சிப்பி சாஸ் சேராது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தக்காளி முட்டை வதக்கல், புளிப்புக் காரத்தில் உருளைக்கிழங்கு சீவல், பூண்டு போட்ட கீரை மூன்றும் எல்லா வீட்டிலும் செய்வார்கள். மாப்போ டோஃபுவைப் பார்த்து ஏமாறாதே, அதில் கொத்துக்கறி இருக்கும். சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்யும், அது ஒவ்வாமை இல்லை.

ஆனால் கிண்ணத்தைத் தள்ளியதற்கு இன்றே மன்னிப்புக் கேள். விருந்தாளி கிண்ணத்தில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பது இங்கே பாசம், நம் பாட்டி இலையில் மறுபடி மறுபடி சோறு போடுவது மாதிரி. வேண்டாததைக் கிண்ணத்திலேயே விட்டு வை, வெறும் சோறு சாப்பிட்டாலும் எல்லாரும் எழும் வரை மேசையில் உட்கார்ந்திரு.

பினாங்கு அக்கா:
இது சரி. ஊரிலிருந்து ஏதாவது கொண்டு வந்தாயா? இருந்தால் இன்று இரண்டு கையாலும் கொடு. கடிகாரமாக மட்டும் இருக்க வேண்டாம், அங்கே அது சாவோடு சேர்ந்தது. உன் எதிரே பிரித்துப் பார்க்காவிட்டால் மனசு கஷ்டப்படாதே.

சென்னை அப்பா:
அந்தத் தாள் கையில் வந்ததும் இங்கே எழுது அம்மா. அதுவரை எனக்கு நிம்மதி இல்லை.

கோவை மாணவி:
ஆயி வந்துவிட்டார்! காலையில் கூட்டமாம், அப்புறம் மதிய இடைவேளையாம், இப்போது நானும் நேரில் வர வேண்டும் என்கிறார். பாஸ்போர்ட் என் கையில் இருக்கிறது, எக்ஸ்1 என்று போட்டிருக்கிறது. பையில் கைத்தறித் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், திரும்பி வந்ததும் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். வாசலில் என் செருப்பை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு நிற்கிறார், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.