கோடின் தெப்பே சாடியில் படிந்தது: 'தோப்பிக்காறை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பியர் புளிக்கும் கலத்தின் உட்சுவரில் ஒட்டும் படிவைக் குறிக்கத் தொல்லியல் கட்டுரைகளில் வரும் 'பியர்ஸ்டோன்' என்ற சொல்லுக்கு 'மதுக்கல்', 'பியர்க்கல்' என இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. 'தோப்பிக்காறை' என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மேற்கு ஈரானில், சாக்ரோஸ் மலைப்பகுதியிலுள்ள கோடின் தெப்பேயில் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு பெரிய மண்சாடியின் ஓடுகள் கிடைத்தன. சாடியின் உட்புறம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். அந்தக் கீறல்களுக்குள் வெளிர்மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. அது கால்சியம் ஆக்சலேட் என்று 1992-இல் ருடால்ஃப் மிஷல், பேட்ரிக் மெக்கவர்ன், வர்ஜீனியா பேட்லர் மூவரும் அறிவித்தார்கள். பார்லியைப் புளிக்கவைக்கும்போது ஆக்சலேட்டும் கால்சியமும் சேர்ந்து, கரையாமல் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் பியர்ஸ்டோன். இன்றைய பியர் ஆலைத் தொட்டிகளிலும் இதே படிவு உண்டு. இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த சுமேரியரின் பழைய எழுத்தில் பியரைக் குறிக்கும் குறியே உள்ளே கீறலிட்ட சாடியின் உருவம்தான். குடியானவருக்கும் கூலியாளுக்கும் பார்லியோடு பியரையும் படியளந்த நாகரிகம் அது. நின்காசி என்று பியருக்கென ஒரு தெய்வத்தையே வைத்துப் பாடினார்கள்.

'கல்' வேண்டும் என்போர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இதே கால்சியம் ஆக்சலேட்தான். ஆனால் சாடியில் இருப்பது திரண்ட கட்டி அல்ல, மெல்லிய பூச்சு. பல்லில் இறுகிப் படிவதைப் 'பற்காறை' என்கிறோம். அந்தக் 'காறை' இங்கே அப்படியே பொருந்துகிறது.

அடுத்து முன்னொட்டு. 'மது' எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் சொல். திராட்சை மதுவின் படிவு வேதியியலிலேயே வேறு. 'கள்' என்றால் இன்று பனையும் தென்னையும்தான் நினைவுக்கு வரும். தானியத்திலிருந்து வடித்ததற்கென்றே நம்மிடம் இருப்பது தோப்பி. 'இல்லடு கள்ளின் தோப்பி பருகி' என்கிறது பெரும்பாணாற்றுப்படை; நெல்லாற் செய்த கள் என்பது உரை. அதே பாட்டில் இன்னோரிடத்தில் செய்முறையே வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற பிழாவில் ஆறவிட்டு, புற்றின் உள்ளிருக்கும் குரும்பியைப் போன்ற நல்ல அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். 'வழைச்சு அற விளைந்த' என்ற தொடரைக் கவனியுங்கள்: பச்சை வாடை போகும்வரை முதிர்ந்தது என்று பொருள். நொதித்தல் முடிந்ததை இதைவிடத் துல்லியமாக ஒரு ஆய்வகக் குறிப்பும் சொல்லாது. இவ்வளவு தெளிவான சொல்வளம் இருக்கும்போது 'பியர்க்கல்' என்று ஏன் ஒட்டுப்போட வேண்டும்?

தோப்பி நெல்லுக்குரியது, கோடின் தெப்பேயில் இருந்தது பார்லி என்ற மறுப்பு வரும். நெல்லிலிருந்து பார்லிக்குப் பொருளை விரிப்பது சிறிய நீட்சி. கலைச்சொல்லாக்கத்தில் இதைவிடப் பெரிய நீட்சிகளை ஏற்றிருக்கிறோம்.

எனக்கு உண்மையாகவே கவலை தரும் மறுப்பு வேறு. ஆக்சலேட் கீரைகளிலும் உண்டு. படிவு இருப்பதாலேயே அந்தக் கலத்தில் தோப்பி வடித்தார்கள் என்று ஆகிவிடாது. துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் 160 லிட்டர் வரை கொள்ளும் சுண்ணாம்புக்கல் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஆக்சலேட்டுக்கான அறிகுறி தென்பட்டபோதும் முடிவு உறுதியாகவில்லை. அங்கே 'தோப்பிக்காறை' என்று எழுதினால் ஆய்வாளர் சொல்லத் தயங்குவதை மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிடுகிறார். ஆகவே வேதியியல் மட்டும் தெரிந்த இடத்தில் 'ஆக்சலேட் காறை' என்றும், கலத்தின் வடிவம், தானிய எச்சம் போன்ற பிற சான்றுகளும் சேர்ந்த இடத்தில் மட்டும் 'தோப்பிக்காறை' என்றும் எழுத வேண்டுகிறேன்.

திராட்சை மதுவின் டார்ட்டரேட் படிவுக்குத் 'தேறற்காறை' என்று வைக்கலாமா? அத்தகைய படிவு கிடைத்த ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தெப்பே பற்றி எழுதுவோருக்கு அது உடனே தேவைப்படும். உங்கள் கருத்தை எழுதுங்கள்.