ஹாம்பர்க்கில் காதில் விழுந்த மிளகுத்தண்ணி

வண்ணை ஃபிட்டர்:

வெளிநாட்டில் பண்டிகை நாளன்று அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று வியாசர்பாடி தம்பி கேட்டிருந்தார். எனக்கு ஒரு அனுபவம் உண்டு. இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்தவன் நான். பொங்கல், தீபாவளி எல்லாம் பாதிக்குப் பாதி கடலிலேயே போய்விட்டது, அதனால் கரையில் கழித்த சில நாட்கள் மட்டும் அப்படியே மனதில் நிற்கின்றன.

2006 டிசம்பர் 31. கப்பல் ஹாம்பர்க்கில் நின்றது. நாலு மணி தாண்டியதும் இருட்டிவிட்டது, எலும்புக்குள் இறங்குகிற குளிர். ஷோர் லீவ், அதாவது கரைக்குப் போய்வர அனுமதி, கிடைத்த நாங்கள் நாலு பேர் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிற டக்டால்பன் என்ற கடலோடிகள் மன்றத்துக்குப் போனோம். 1986இலிருந்து நடக்கிற இடம் அது. எந்த நாட்டுக் கப்பல்காரர் போனாலும் உட்கார இடம் இருக்கும், வீட்டுக்குப் பேச போன் இருக்கும். வீட்டுக்காரியோடு பேசிவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். அங்கே உதவிக்கு இருந்த ஒரு வயதான அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். பதினெட்டு நிமிடம்தான், இதைப் பார்க்காமல் எங்கள் ஊரில் புது வருடம் பிறக்காது என்றார்.

கறுப்பு வெள்ளையில் ஒரு நாடகம். பெயர் ‘டின்னர் ஃபார் ஒன்’. ஜெர்மன் டிவியில் வருகிறது, ஆனால் பேசுவது முழுக்க ஆங்கிலம், கீழே எழுத்துகூட ஓடவில்லை. மிஸ் சோஃபி என்ற பாட்டிக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். பெரிய மேசை, நாலு நண்பர்களுக்கு நாலு நாற்காலி. அந்த நாலு பேரும் எப்போதோ செத்துப் போனவர்கள். பரிமாறுகிற ஜேம்ஸ் ஒவ்வொரு நாற்காலிக்கும் போய் அவரவர் பங்குக்கு மதுவை ஊற்றி, அவரவர் குரலில் வாழ்த்துச் சொல்லி, தானே குடிக்கிறார். நாலு சுற்று. கீழே விரித்திருக்கிற புலித்தோலின் தலை வேறு அவர் காலை இடறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் போன வருடம் செய்த மாதிரியேதானா என்று கேட்பார். வருடா வருடம் செய்கிற மாதிரியேதான் ஜேம்ஸ், என்று பாட்டி சொல்வாள். அந்த வரி வரும்போதெல்லாம் அறையில் இருந்த ஜெர்மன்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஏனோ முதலில் சிரிப்பு வரவில்லை, எங்கள் ஆயாவின் ஞாபகம் வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்நாள் ஆயா தாத்தாவுக்குப் படையல் போடும். வாழையிலையில் மீன் குழம்பு, வடை, பக்கத்தில் சுருட்டு ஒன்று, குவார்ட்டர் பாட்டில் ஒன்று. கதவைச் சாத்திவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே நிற்போம், தாத்தா வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. செத்தவர்களுக்கு இடம் போட்டு வைக்கிற பழக்கத்தை அவ்வளவு தூரத்தில் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. அதன் பிறகுதான் சிரித்தேன், அவர்களைவிட அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சொல்ல வந்ததே இனிமேல்தான். முதல் சுற்றுக்கு என்ன சூப் என்று ஜேம்ஸ் சொல்லும்போது ஒரு வார்த்தை காதில் விழுந்தது: ‘மல்லிகட்டானி’. அது நம் மிளகுத்தண்ணி! மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் சமையல்காரர்களிடம் கேட்டு, வாய்க்கு வந்தபடி சொல்லிச் சொல்லி ஆங்கில அகராதிக்குள் ஏறிவிட்ட வார்த்தை. நான் எழுந்து நின்று, இது எங்கள் ஊர் வார்த்தை, எங்கள் பாஷை என்று கத்தினேன். அந்த அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறாராம், அது என்ன சூப் என்று யாரும் சொன்னதில்லையாம். ஒரு தாளைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார். மிளகு, தண்ணி என்று பிரித்து எழுதிக் காட்டினேன், அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் படம் பிடித்ததே அந்த ஹாம்பர்க்கில்தான், 1963இல். என்டிஆர் என்ற அந்த ஊர் டிவி நிலையம் எடுத்தது. நடித்த ஃப்ரெடி ஃப்ரின்டனும் மே வார்டனும் இங்கிலாந்துக்காரர்கள். வருடக் கடைசி நாளில் தவறாமல் போட ஆரம்பித்தது 1972இலிருந்து. ஃப்ரின்டன் 1968லேயே இறந்துவிட்டார். தனக்காக ஒரு நாடே வருடா வருடம் உட்காருகிறது என்பதை அந்த மனிதர் பார்க்கவே இல்லை, அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. இங்கிலாந்து டிவியில் அது வந்ததே 2018இல்தான்.

நமக்கு இது தலைகீழ். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் டயனோரா டிவி, தூர்தர்ஷன் மட்டும்தான், பண்டிகை என்றால் திண்ணை வரைக்கும் கூட்டம். 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. அப்புறம் பண்டிகை என்றாலே ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ என்ற அறிவிப்புதான். புதுசாக என்ன படம் என்று பார்ப்பதே நமக்குப் பண்டிகை. அவர்களோ போன வருடம் பார்த்ததைத் தேடி உட்காருகிறார்கள். நம்மிடம் மாறாமல் இருந்தது காலையில் வரும் பட்டிமன்றம் ஒன்றுதான், சாலமன் பாப்பையா குரல் கேட்டால்தான் எங்கள் அம்மா இட்லிப் பானையையே இறக்குவாள்.

பெரம்பூர் அக்கா:

ஃபிட்டர் அண்ணே, படையல் என்று எழுதியதைப் படித்ததும் அழுகையே வந்துவிட்டது. என் மகள் ஸ்வீடனில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது போய் மூன்று மாதம் இருந்தேன். அங்கே டிசம்பர் 24 மதியம் மூன்று மணிக்கு டொனால்ட் டக். அவர்கள் கால்லே அங்கா என்கிறார்கள். டிஸ்னி 1958இல் செய்த கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, அங்கே 1960இலிருந்து போடுகிறார்கள். குழந்தைகளுக்கு என்று நினைத்து நான் அடுப்படியில் இருந்தேன். பார்த்தால் மருமகனின் அப்பா, எழுபது வயதுக்காரர், முன்வரிசையில் உட்கார்ந்து வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் கூடவே சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று மணிக்குப் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. பரிசுப் பொட்டலங்களை அது முடிந்த பிறகுதான் பிரித்தார்கள். நடுவில் விளக்கம் சொல்லும் ஸ்வீடிஷ் குரல் இன்னும் அதே பழைய குரல், அவர் 2019இல் காலமாகிவிட்டார், குரலை மாற்றவில்லை. சம்பந்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொன்னார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது, ஒரு மணி நேரம் அப்படியே போனது. மூன்று மாதத்தில் நான் அந்நியமாக உணராத நாள் அதுதான்.

வியாசர்பாடி தம்பி:

நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தேன். அங்கே புது வருடத்துக்கு ‘விதியின் முரண்’ என்று பொருள் வரும் பெயரில் ஒரு படம், எல்தார் ரியாசனோவ் எடுத்தது, 1976 ஜனவரி 1 அன்று முதலில் டிவியில் வந்தது. மூன்று மணி நேரம். நண்பர்களோடு குடித்த ஒருவனை மாஸ்கோவிலிருந்து தவறுதலாக லெனின்கிராடுக்கு விமானம் ஏற்றிவிடுகிறார்கள். அவன் தன் ஊர் என்றே நினைத்துத் தெருப் பெயர் சொல்கிறான், அங்கேயும் அதே பெயரில் தெரு, அதே எண்ணில் கட்டடம், அவன் சாவி அந்த வீட்டுப் பூட்டையும் திறக்கிறது. ஹாஸ்டலில் வேலை செய்த பாட்டி அதைப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு சாலட் நறுக்கிக்கொண்டிருந்தார். நம்பவே முடியாத கதை என்று வட இந்தியப் பசங்க சொன்னார்கள். எனக்கு உடனே புரிந்தது. ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன் நான், எல்லா பிளாக்கும் ஒரே அச்சு, கரண்ட் போன ராத்திரியில் எங்கள் சித்தப்பா பக்கத்து பிளாக்கில் அதே மாடி, அதே கதவைத் தட்டியிருக்கிறார். பாட்டியிடம் கைச் சைகையில் சொன்னேன், கட்டிப்பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதிபர் பேசுவார், கிரெம்ளின் மணி அடிக்கும், அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

அண்ணே, ஒரு சந்தேகம். அந்த மிளகுத்தண்ணி நம் ரசம்தானா?

வண்ணை ஃபிட்டர்:

தம்பி, வெள்ளைக்காரர்கள் சூப்பில் கறி போடுவார்கள், மசாலாத்தூள் போடுவார்கள், கெட்டியாக இருக்கும். நம்முடையதற்குக் கிட்ட வருவது ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் வைக்கிற பெப்பர் வாட்டர்தான். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆன்ட்டி இருந்தார், வீட்டுக்காரி அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். புளித்தண்ணி, மிளகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய், கடைசியில் தாளிப்பு. பருப்பு கிடையாது. சோற்றில் ஊற்றி, தொட்டுக்கொள்ளக் கறி வறுவல்.

கப்பலை விட்டுக் கரைக்கு வந்த பிறகு டிசம்பர் 31 ராத்திரி எங்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு ஹார்பரில் கப்பல்கள் ஹாரன் அடிக்கும், மொட்டை மாடியில் நின்று கேட்டுவிட்டுக் கீழே வருவோம். அப்போது ஹாம்பர்க்கில் மணி ஏழரை. மகன் போனை டிவியோடு இணைத்து அந்தப் பதினெட்டு நிமிடத்தைப் போடுவான். சூப் என்ற வார்த்தை வந்ததும் பேத்தி எங்களை எல்லாம் முந்திக்கொண்டு ‘மிளகுத்தண்ணி’ என்று கத்துவாள்.