கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போற வழியில தம்புள்ளை குகைக் கோயில் ஏறலாமோ?

கேள்வி: ஏ9 பாதையால வீட்டை போறம். அம்மாவும் வாறா, அவவுக்கு முழங்கால் நோ. மேல ஏற ஏலுமோ?

பதில்: மத்தியானத்தில ஏறாதேங்கோ. செருப்பில்லாமல் நடக்கேக்க பாறை சுடும், காலுறை கொண்டு போங்கோ. தோளும் முழங்காலும் மறைய உடுக்கோணும்.

பதில்: ஆறுதலா இருந்து இருந்து ஏறுங்கோ, கட்டாயம் பார்க்கோணும். ஐந்து குகை. முதலாவதில 14 மீட்டர் நீளத்தில கிடக்கிற புத்தர், பாறையிலேயே செதுக்கினது. உள்ளங்காலுக்குச் சிவப்புப் பூசியிருக்கு. எனக்கு இரண்டாவதுதான் உயிர். கூரைப் பாறை மேடுபள்ளமா வளையிற இடமெல்லாம் ஓவியமும் விரிச்ச துணி மாதிரிக் கூடவே வளையும். மேல இருந்து சொட்டுற தண்ணியை ஒரு பானையில ஏந்தி வைச்சிருக்கினம். விஷ்ணு சிலையும் இருக்கு, அம்மா கும்பிடலாம்.

கேட்டவர்: நன்றி அண்ணை, விடியவே வெளிக்கிடுறம்.

பதில்: நல்லது. புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதேங்கோ. சாப்பாட்டுப் பையை வாகனத்திலேயே விடுங்கோ, குரங்கு பறிச்சுப்போடும்.