ஓதம் பார்த்துக் கிளம்பணும்

குழு: நம்ம வீடு 🏠

வியாழன்

நான் 20:14
மாமா சிங்கப்பூர்லேர்ந்து ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. ஞாயிறு எல்லாரும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போலாமா? இப்ப நல்ல சீசன். செப்டம்பர்ல வந்து இறங்குற பறவைங்க மார்ச் வரைக்கும் இருக்கும்.

அத்தை 20:21
மலை ஏறணுமா? புக்கிட் தீமா போயிட்டு வந்து ரெண்டு நாள் முட்டி வீங்கிக் கிடந்தேன்மா.

நான் 20:22
ஒரு மேடுகூட கிடையாது அத்தை. பூரா தரைமட்டம். குட்டைகளைச் சுத்தி வரப்பு மாதிரி பாதை, காட்டுக்குள்ள பலகைப் பாதை. உட்கார நிழலும் இருக்கு.

அண்ணி 20:25
ஸ்ட்ரோலர் தள்ள முடியுமா?

நான் 20:25
முடியும் அண்ணி. குட்டிக்கு நீளக்கை சட்டை போட்டு விடுங்க, கொசு இருக்கு.

தம்பி 20:31
7 மணிக்கே திறந்துடுறாங்க, டிக்கெட்டும் கிடையாது. வெயிலுக்கு முன்னாடி போயிட்டு 9 மணிக்குத் திரும்பிடலாம்.

நான் 20:33
7 மணி வேணாம்டா. ஞாயிறு கடல் ஓதம் காலை 11.20க்கு உச்சத்துக்கு வருது. 10 மணிக்கு உள்ள இருந்தா போதும்.

அம்மா 20:34
உச்சி வெயில்லயா? உங்க அத்தைக்குத் தலைவலி வந்துடும்.

நான் 20:41
அம்மா, அங்க நேரம் குறிக்கிறது கடல்தான். தண்ணி வத்தி இருக்கும்போது உள்ளான் பறவையெல்லாம் வெளிய மண்டாய் பக்கம் சேத்துல மேய்ஞ்சுகிட்டு இருக்கும். வெள்ளம் ஏறி அந்தச் சேறு முங்கினதும் கால் ஊன்ற இடம் தேடி இந்தக் குட்டைக்கு வரும். அப்ப மொத்தமா, கிட்டத்துல பார்க்கலாம். போன வருஷம் இதைப் பார்க்காம ஆபீஸ் தோழிங்களைக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம் நடந்தும் ஒத்தைக் கொக்குதான். அவங்க அப்புறம் நான் கூப்பிட்டா வர்றதே இல்ல. மாமாவுக்கு அப்படி ஆகிடக் கூடாது.

மாமா 20:52
சனிக்கிழமை அமாவாசை. மறுநாள் வெள்ளம் பெருசா ஏறும். பாப்பா சொல்றது சரி. நம்ம முத்துப்பேட்டை வாய்க்கால்லயும் அதான் கணக்கு.

அத்தை 20:55
அண்ணனே சொல்லிட்டாரு. நான் தொப்பி எடுத்துக்கிறேன்.

சனி

அம்மா 19:02
புளிசாதம், உருளைக்கிழங்கு. சாப்பாட்டுப் பையை ஜிப் போட்டு மூடியே வச்சுக்கணும். அங்க குரங்கு பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துடுமாம்.

நான் 19:10
கிராஞ்சி எம்ஆர்டியில 9 மணி. அங்கேர்ந்து 925 பஸ்.

ஞாயிறு

தம்பி 10:06
📷 படம்
அப்பா, நீங்க வேலைக்குப் போயிட்டீங்க, பாருங்க. பூலோ ஆத்துப் பாலம். அந்தக் கட்டை மாதிரி கிடக்குதே, அது கட்டை இல்ல, முதலை. இன்னும் அசையல.

அப்பா 10:09
பாலத்துக் கம்பி மேல பிள்ளையை ஏத்தாதீங்க!

அண்ணி 10:10
இல்ல மாமா, ஸ்ட்ரோலர்ல பெல்ட் போட்டுத்தான் உட்கார வச்சிருக்கேன்.

அத்தை 10:24
எங்க போயிட்டீங்க எல்லாரும்? பாதையை மறிச்சுகிட்டு ஒரு உடும்பு படுத்திருக்கு. ஆளு நீளம் இருக்கு. நான் தாண்ட மாட்டேன்.

நான் 10:25
நில்லுங்க அத்தை, வர்றேன். வழி விட்டு நின்னா அதுவே போயிடும்.

அத்தை 10:31
போயிடுச்சு. நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்துகிட்டே போகுது. நல்லாத்தான் இருக்கு.

அம்மா 10:48
📷 படம்
பலகைப் பாதையில அண்ணன் ஒரு மரத்தடியில நின்னுட்டாரு. தில்லையாம். குட்டி இலையைப் பறிக்கப் போச்சு, பிடிச்சுகிட்டாரு. பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடுமாம்.

தம்பி 10:51
இப்பதான் தேடிப் பார்த்தேன். மலாய்ல அந்த மரத்துக்குப் பேரு பூத்தா பூத்தா. பூத்தான்னா குருடு.

மாமா 10:53
இங்கயும் கண்ணை வச்சுத்தான் பேரு வச்சிருக்கான்! சேத்துலேர்ந்து மூச்சு வேர் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அலையாத்திக் காடு எங்க இருந்தாலும் அந்த வாசனை ஒண்ணுதான்.

நான் 11:17
📷 படம்
📷 படம்
அப்பா!!! வந்துடுச்சு. மறைவுக் குடில்ல இருக்கோம், யாரும் பேசல, அதான் டைப் பண்றேன். குட்டை நடுவுல சேத்துத் திட்டு பூரா பவளக்கால் உள்ளான். எண்ணிகிட்டே வந்து 140ல விட்டுட்டேன். எல்லாம் ஒரே பக்கம், காத்துக்கு எதிரா முகம் வச்சு நிக்குது, பாதி ஒத்தைக் கால்ல. ஓரத்துல பழுப்பா, மூக்கு கீழ்நோக்கி வளைஞ்சு நிக்கிறது விம்ப்ரல். அது ஒண்ணு கத்துச்சு, விசில் அடுக்கடுக்கா வருது.

அப்பா 11:20
அந்தச் சின்னக் கால் நிஜமாவே அவ்வளவு சிவப்பா?

நான் 11:22
ஆரஞ்சுச் சிவப்பு. சேறு ஒட்டின இடம் மட்டும் கறுப்பு. மாமாகிட்ட பைனாகுலரைக் கொடுத்தேன், இன்னும் திருப்பித் தரல.

அண்ணி 11:36
📷 படம்
குட்டிக்குப் பறவையை விட இதான் பிடிச்சிருக்கு. சேத்து மேல தாவுற மீன்! கண்ணு ரெண்டும் தலைக்கு மேல உருண்டையா இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துகிட்டே இருக்காங்க.

அப்பா 12:40
அந்தப் பறவையெல்லாம் எங்கேர்ந்து வருது?

நான் 12:58
விம்ப்ரல் ரஷ்யாவோட வடகோடியிலேர்ந்து. இங்க பிடிச்சு முதுகுல சின்னக் கருவி மாட்டி விட்ட பவளக்கால் உள்ளான் சிலது இமயமலையைத் தாண்டி திபெத் பீடபூமிக்குப் போய்க் குஞ்சு பொரிச்சிருக்கு. கைக்குள்ள அடங்குற பறவைப்பா. இன்னைக்குப் பார்த்ததுல எது எந்த மலையைத் தாண்டி வந்துச்சோ.

மாமா 21:20
எல்லாரும் தூங்கியிருப்பீங்க. காலையில படிங்க. குடில்ல இருந்தப்பவே சொல்லணும்னு நினைச்சேன், அங்க பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன்.
அந்தக் குட்டையெல்லாம் முன்னாடி இறால் குட்டைன்னு பாப்பா சொன்னுச்சு. ஓதம் ஏறும்போது மதகைத் திறந்தா இறால் குஞ்சு தண்ணியோட உள்ள வரும், மூடி வளர்ப்பாங்க, வத்தத்துக்குத் திறந்து மதகு வாயில வலையைக் கட்டிப் பிடிப்பாங்க. அதே மதகை வச்சுத்தான் இப்பப் பறவைக்குத் தண்ணி அளக்குறாங்க. சேறு தெரியணும்னா இறக்குறது, இல்லைன்னா நிறுத்துறது. சும்மா விட்டிருந்தா குட்டை நிரம்பி நின்னுருக்கும், இல்ல மரம் மூடியிருக்கும். அந்தப் பொடிக்காலு பறவைக்கு நிக்க இடம் ஏது?
நம்ம ஊரு கதை உங்களுக்குத் தெரியாது. 90கள்ல நம்ம நிலத்துக்கு அடுத்தாப்ல ஒரு கம்பெனி இறால் குட்டை வெட்டுனான். உப்புத் தண்ணி கசிஞ்சு நம்ம ரெண்டு மா நெல்லும் பதராப் போச்சு. கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. எங்க அப்பா காலையில போய் வரப்புல உட்கார்ந்து பார்த்துட்டு வந்துடுவாரு, ஒண்ணும் பேச மாட்டாரு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயாவும் அவரு மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஊர் ஊரா வந்து ஜனங்களைத் திரட்டினாங்க. 1996ல இறால் பண்ணையை எடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்துச்சு. கம்பெனி போயிட்டான், குட்டை அப்படியே கிடக்குது. உப்பு பூத்து, சீமைக்கருவை மண்டி. முப்பது வருஷமா அது செத்த இடம்னுதான் நான் தாண்டிப் போயிருக்கேன்.
இன்னைக்கு அதே மாதிரிக் குட்டையில இத்தனை உசுரு நிக்குது. கோடியக்கரை நமக்குப் பக்கந்தான், பறவை வராமயா போகும்? மதகு ஒண்ணு இருந்து, பார்த்துக்க ஒரு ஆளும் இருந்தா?

அம்மா 21:34
அண்ணே, அப்பா வரப்புல உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. எதுக்குன்னு அப்பத் தெரியல.

நான் 21:41
மாமா, இதை நீங்க சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். இந்த இடமும் தானா கிடைச்சதில்ல. 1986ல பறவை பார்க்கப் போன சிலர் இங்க இத்தனை உள்ளான் வருதுன்னு கண்டுபிடிச்சு, விட்டுடாதீங்கன்னு அரசாங்கத்துக்கு எழுதினாங்க. 1993ல பூங்காவாத் திறந்தாங்க. 2002ல 130 ஹெக்டேர் சட்டப்படி காப்பகமாச்சு. எழுதினவங்க கொஞ்சப் பேருதான்.

அப்பா 21:44
மச்சான், உங்க ஊர்க் குட்டைங்க இப்ப யாரு பேருல இருக்கு?

மாமா 21:47
பாதி பட்டா, பாதி புறம்போக்கு. புறம்போக்குல மூணு குட்டை. ஒண்ணுல பழைய மதகுக் கட்டு இன்னும் இடியல. வாய்க்கால்தான் தூர்ந்து போச்சு.
பாப்பா, நான் இன்னொரு தடவை அங்க போகணும். வத்தத்துல. தண்ணியை எது வரைக்கும் இறக்குறான், சேறு எவ்வளவு அகலம் விடுறான்னு பார்க்கணும். இன்னைக்குப் பறவையைப் பார்த்துகிட்டே நின்னுட்டேன், மதகைச் சரியாப் பார்க்கல.

நான் 21:52
வியாழன் நான் லீவு போடுறேன். அன்னைக்கு வத்தம் காலை 8.40. 7 மணிக்கு கிராஞ்சியில இருக்கணும் மாமா.

அத்தை 21:53
நானும் வர்றேன். முட்டி ஒண்ணும் பண்ணல.

மாமா 21:55
ஆறு மணிக்கே கிளம்பி நிக்கிறேன். மாப்ள, ஒரு இன்ச் டேப்பு இருந்தா எடுத்து வை.