இரண்டாவது ஆசிலேட்டர் சேர்த்ததும் சுருதி இறங்குகிறது, உதவுங்களேன்

வீட்டில் சின்னதாக ஒரு யூரோராக் மாடுலர் சின்தசைசர் (தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணு இசைக்கருவி) சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 84 எச்பி (மாட்யூல்களின் அகல அளவு) பெட்டி, பாதி இன்னும் காலிதான். ஒரு ஆசிலேட்டர் (ஸ்வரத்தை எழுப்பும் மாட்யூல்) மட்டும் இருந்தவரை கீபோர்டோடு சுருதி சரியாக நின்றது. இப்போது இரண்டாவதை வாங்கி, பேசிவ் மல்டிப்பிள் (சிக்னலை அப்படியே பல வயர்களுக்குப் பிரிப்பது) வழியாக ஒரே பிட்ச் வோல்டேஜை (எந்த ஸ்வரம் என்று சொல்லும் மின்னழுத்தம்) இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தால், மேலே போகப் போக இரண்டுமே இறங்குகின்றன. மல்டிமீட்டரில் பார்த்தேன்: 4 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 3.96. ஆக்டேவுக்கு 1 வோல்ட் கணக்கில் இது கிட்டத்தட்ட 48 சென்ட் (ஒரு ஆக்டேவுக்கு 1200 சென்ட்), அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே பாதி தூரம்! ஒன்றைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது.

பஃபர்டு மல்டிப்பிள் (வோல்டேஜ் குறையாமல் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்று உள்ளது) போட்டால் தீருமா, இல்லை ஆசிலேட்டர்களின் டிரிம்மரை (சுருதியைத் திருத்தும் சின்னத் திருகு) திருப்ப வேண்டுமா? டிரிம்மரில் கைவைக்கப் பயமாக இருக்கிறது. ராத்திரி வெறும் ட்ரோன் (ஒரே ஸ்வரம் நீண்டு ஒலிப்பது) போட்டுக் கேட்கும்போது மட்டும் குறையே தெரிவதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.