'அமெரிக்கன் கன் கம்பெனி' இரட்டைக்குழல்: யார் செய்தது, எவ்வளவு போகும்?

ஓஹையோவாசி:
பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தாத்தாவின் துப்பாக்கியை விற்க நினைக்கிறார். "நீ கம்ப்யூட்டர்க்காரன், தேடிச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார். 12 கேஜ் (குழல் அகல அளவு), வெளியே இரண்டு ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி. பக்கத் தகட்டில் 'அமெரிக்கன் கன் கோ.' என்று இருக்கிறது. குழல் முழுக்கச் சுருள் சுருளாகக் கோலம். அந்தப் பெயரில் தொழிற்சாலை எதுவும் அகப்படவில்லை. தொடர் எண்ணை வைத்து வருடம் பிடிக்கலாமா? கடைத் தோட்டா போட்டுச் சுடலாமா?

பழம்பித்தன்:
முதலில் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிடுங்கள். மூலையில் கிடந்ததுதானே என்று நம்பிவிடக் கூடாது.

தொழிற்சாலை அகப்படாதுதான். அது வியாபாரப் பெயர். நியூயார்க் மொத்த வியாபாரிகளான ஹெச் அண்ட் டி ஃபோல்சம், 1890-களில் கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் இருந்த கிரசென்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனியை வாங்கினார்கள். ஒரே துப்பாக்கிதான், ஹார்ட்வேர் கடைக்காரர் என்ன பெயர் கேட்டாரோ அதைப் பொறித்துக் கொடுப்பார்கள். உங்களிடம் இருப்பது ஃபோல்சமின் சொந்தப் பெயர். 1930-இல் கிரசென்ட், டேவிஸ்-வார்னர் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியோடு இணைந்தது. கொஞ்ச நாளில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கைக்குப் போய்விட்டது. எண்ணை வைத்து வருடம் சொல்லப் பதிவேடு இல்லை.

முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை, கழற்றிப் பாருங்கள். கோலம் அதற்கு அடியிலும் ஓடினால் நிஜமான டமாஸ்கஸ், அதாவது இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டியது. கட்டை மூடும் இடத்தோடு நின்றுவிட்டால் அழகுக்குப் போட்ட வேலை.

நெல்லைத்தம்பி:
குழலின் அடியில் முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்து இருக்கிறதா, அண்ணா? இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை, குழல் வெடிப்பைத் தாங்கும் என்று சோதித்துக் குத்துவது. 1893-க்குப் பிறகு மேலே கிரீடம் சேர்ந்தது. அமெரிக்காவில் அப்படி அரசுச் சோதனை கிடையாது.

ஓஹையோவாசி:
காலிதான், பார்த்துவிட்டேன். முத்திரை இல்லை. கோலம் கட்டைக்கு அடியில் பாதியிலேயே நிற்கிறது!

பழம்பித்தன்:
அப்போ அமெரிக்கச் சரக்கு, வெறும் எஃகுக் குழல். 1900-ஐ ஒட்டிய காலம் என்று வைத்துக்கொள்ளலாம். 1898 வரை செய்ததைத்தான் அமெரிக்க மத்திய சட்டம் பழம்பொருளாக ஒப்புக்கொள்ளும். அதை நிரூபிக்க வழியில்லாததால், சாதாரணத் துப்பாக்கி என்றே எண்ணி உரிமம் பெற்ற கடை வழியாக விற்கச் சொல்லுங்கள்.

சுடுவது வேண்டவே வேண்டாம். தோட்டா உட்காரும் அறை அந்தக் காலத்தில் பலவற்றிலும் 65 மி.மீ. நீளம் சுமார், இன்றைய தோட்டா சுட்டு விரிந்தால் 70. சுடாத தோட்டா நுனி மடிப்போடு குட்டையாக இருப்பதால் சமர்த்தாக உள்ளே போய்விடும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தைக் குறுக்கும், அழுத்தம் ஏறும். அது அந்தக் காலத்துக் கரிமருந்தை (கறுப்பு வெடிமருந்து) மனதில் வைத்துச் செய்த பூட்டு.

விலையா? நூறு, நூற்றைம்பது டாலர் வந்தால் சந்தோஷப்படலாம். துரு தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதுவும் குறையும். தாத்தா பெயர் சொல்லிச் சுவரில் மாட்டிவைப்பதுதான் லாபம்.

ஓஹையோவாசி:
சொன்னேன். "ஆயிரம் வரும்னு நினைச்சேன்" என்றார். பேரனுக்கே கொடுக்கப் போகிறாராம்.